விண்ணை வினவிய வித்தகர்

வயல் சூழ்ந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏரி நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாகூர்ப் பேரேரியும், வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியும் நிறைந்துள்ளனவா, குறைந்துள்ளனவா என்று உழவர் அடிக்கடி நோக்குவர். நீரின் ஆழத்தை அறிய எவரும் ஏரியின் நடுவே இறங்கி மூழ்கிப் பார்ப்பதில்லை. கரையருகே நாட்டிய அளவுகல்லில் நீர் எதுவரை ஏறியுள்ளது என்று கண்டே கணித்துவிடுவர். நேரே சென்று அளக்க இயலாத ஒன்றை அது காட்டும் அடையாளத்தைக் கொண்டு அளந்தறிவது அறிவியலுக்கும் உரிய வழியாகும்.

நம் தலைக்கு மேலும் அத்தகைய நீர்நிலை ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாதது. நீருக்கு மாறாக மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் நிறைந்தது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி, 1,000 கிலோமீட்டர் வரை அது பரந்து கிடக்கிறது. கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள வாயு அணுக்களைத் தாக்கும்போது, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து தனித்துத் திரிகின்றன. எனவே அப்பகுதியை அயனி மண்டலம் என்பர். பகலில் அங்கு எலெக்ட்ரான்கள் பெருகும், இரவில் குறையும். கதிரவனின் சீற்றம் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை ஏறி இறங்குவதற்கேற்ப அவற்றின் அளவும் ஏறி இறங்கும்.

இம்மண்டலத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு இருந்தால் நமக்கென்ன என்று மாணவர் கேட்கலாம். பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த நரம்பையிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவரும், நிலத்தின் எல்லையை வரையறுக்கும் அளவையாளரும், வானூர்தி ஓட்டிகளும் இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியைப் பயன்படுத்துகின்றனர். அக்கருவிக்குச் செய்தி அனுப்பும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றுகின்றன. அங்கிருந்து புறப்படும் வானொலியலை ஒரு நொடியில் 10-இல் ஒரு பங்குக்குள் நம்மை வந்தடைகிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நொடியில் 10 இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். அலையோ அயனி மண்டலத்தைக் கடந்தே வருதல் வேண்டும். அங்குள்ள எலெக்ட்ரான்கள் அதனைத் தாமதிக்கச் செய்கின்றன. ஆகவே அவற்றின் அளவை அறியாதவன் தான் நிற்கும் இடத்தைத் திருத்தமாக அறிய இயலாது.

அயனி மண்டலத்தை ஆராயும் துறையைப் பாரத நாட்டில் தோற்றுவித்து வளர்த்த பெருமை வங்கம் தந்த அறிஞர் சிசிர் குமார் மித்ராவுக்கு உரியது. நம் நாட்டு வானம் பிற நாட்டு வானத்தைப் போன்றதன்று. அதனை நாமே ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் அவர் நிலைநாட்டினார். அவருடைய வரலாறு மாணவர் அறியத் தக்கதாகும்.

சிசிர் குமார் 1890-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளியாசிரியர். பின்னர்ப் பீகாரிலுள்ள பாகல்பூர் நகராட்சியில் எழுத்தராகப் பணிபுரிந்தார். தாயார் சரத்குமாரி மருத்துவம் பயின்றவர். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த அந்நாளில், அவ்வம்மையார் பாகல்பூர் மகளிர் மருத்துவமனையில் மருத்துவராக விளங்கினார். குடும்பத்தைத் துயரங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. தந்தையார் நோயுற்று மறைந்தார். தாயாரின் உழைப்பொன்றே மைந்தரின் கல்விக்குத் துணையாயிற்று. சிறுவர் சிசிரரோ, கல்கத்தாவில் ஒருவர் வாயுக்கூண்டில் ஏறி வானத்திற் சென்ற செய்தியைக் கேட்டு வியந்தார். கனமுள்ள பொருள் எவ்வாறு மேலேறுகிறது என்னும் வினா அவருள்ளத்தை விட்டகலவில்லை. வானத்தின்பால் அவர் கொண்ட நாட்டத்திற்கு அதுவே வித்தாயிற்று எனலாம்.

பாகல்பூரில் தொடக்கக் கல்வியை முடித்த சிசிரர், கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து இயற்பியல் கற்றார். அங்கே சர் ஜகதீச சந்திர போஸ் ஆசிரியராக இருந்தார். தம் கையால் ஆக்கிய கருவிகளைக் கொண்டே உலகறிந்த ஆராய்ச்சிகளைச் செய்த அப்பேராசிரியரின் வழி மாணவரின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1912-ஆம் ஆண்டு சிசிரர் முதுகலைத் தேர்வில் தேறினார். ஆராய்ச்சியில் ஈடுபடவே அவர் விழைந்தார், குடும்பநிலை இடந்தரவில்லை. ஆதலால் பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராய்ச் சில ஆண்டுகளைக் கழித்தார். ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர்.

1916-ஆம் ஆண்டு அவருக்கு நற்காலம் பிறந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை இயற்பியற் பிரிவைத் தொடங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி, திறமை மிக்க இளைஞரைத் தேடி அழைத்தார். அவ்வாறு அழைக்கப்பட்டவருள் சிசிரரும் ஒருவர். நம் தமிழகத்திற் பிறந்த சர் சந்திரசேகர வேங்கடராமனும் அங்கே பேராசிரியராகப் பணியாற்றினார். அச்சூழலில் சிசிரர் ஒளியின் இயல்பை ஆராய்ந்து, 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டிற்குப் பயணமானார். பாரிசு நகரில் பேபரி என்னும் ஒளியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து மற்றுமொரு டாக்டர் பட்டம் பெற்றார். மேரி கியூரி அம்மையாரின் ரேடியக் கழகத்திலும் சில காலம் பயின்றார்.

பின்பு அவர் நான்சி நகரத்திற்குச் சென்றதே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அங்கே கூட்டன் என்னும் பேராசிரியர் வானொலி வால்வுகளைப் பற்றி ஆராய்ந்து வந்தார். கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலை அப்பொழுதுதான் வளர்ந்து வந்தது. அதன் எதிர்காலத்தை உணர்ந்த சிசிரர், கல்கத்தாவில் இத்துறையை முதுகலைப் பாடமாக வைக்க வேண்டும் என்று அசுதோஷ் முகர்ஜிக்கு எழுதினார். அப்பெருமகனாரும் இசைந்தார். புதுவை அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்ததை நாம் அறிவோம். அந்தப் பிரெஞ்சு நாட்டிற் கற்ற வானொலிக் கலையைத் தாய்நாட்டில் நட்டு வளர்ப்பதென உறுதிபூண்டு, 1923-இல் சிசிரர் திரும்பினார்.

கல்கத்தாவில் அவர் பேராசிரியரானார். கருவிகள் வாங்கப் போதிய பொருளில்லை. அவரும் அவர்தம் மாணவரும் கிடைத்த உறுப்புகளை ஒன்று கூட்டித் தாமே கருவிகளைச் செய்துகொண்டனர். பல்கலைக்கழகக் கூடத்திலேயே வானொலி பரப்பும் கருவியை அமைத்து, நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பினர்.

அப்பொழுது உலக அறிஞரின் கருத்தை ஒரு வினா கவர்ந்திருந்தது. வானொலியலை நேர்க்கோட்டிற் செல்வது. அங்ஙனமாயின், 1901-இல் மார்க்கோனி அனுப்பிய அலை, உருண்டையான உலகின் வளைவைத் தாண்டி அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையை அடைந்தது எப்படி? வானில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அதனைத் திருப்பியிருத்தல் வேண்டும் என்று கென்னெல்லியும் ஹெவிசைடும் 1902-இல் கருதினர். இங்கிலாந்தில் ஆப்பிள்டன் 1924-இல் அவ்வடுக்கு உண்மையென மெய்ப்பித்தார். ஆனால் அது குளிர்நாட்டு வானம். வெயில் கொளுத்தும் நம் நாட்டு வானத்தில் அவ்வடுக்குகள் எவ்வாறு உள்ளன? இதனை நம்மவரன்றி யார் ஆராய்வர்? சிசிரரும் அவர் மாணவரும் இப்பணியை மேற்கொண்டனர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கைக் கல்கத்தா வானத்தில் 1930-இல் கண்டறிந்தனர்.

அவர்கள் வானத்தை அளந்த முறை எளிதாகப் புரியத் தக்கதே. கிணற்றினுள் கல்லையிட்டு, ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுவார் உளர். அதுபோல, நிலத்திலிருந்து சிற்றலைத் துடிப்பொன்றை மேனோக்கி அனுப்புவர். அது 100 கிலோமீட்டர் சென்று திரும்புமாயின், நொடியில் 1,500-இல் ஒரு பங்கில் வந்துவிடும். அந்நேரத்தைக் கண்டு அடுக்கின் உயரத்தைக் கணிப்பர். பிறகு அலையின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். ஓர் எல்லைக்கு மேல் அலை திரும்பாமல் அடுக்கைத் துளைத்து அப்பாற் சென்றுவிடும். எலெக்ட்ரான் மிகுந்திருப்பின் அவ்வெல்லை உயரும், குறைந்திருப்பின் தாழும். எல்லை இருமடங்கானால் எலெக்ட்ரான் செறிவு நான்கு மடங்கு என்பது கணக்கு. இவ்வாறு விண்ணை வினவி விடை பெறும் வழியை, ஆண்டு பலவாக, இரவும் பகலும் அவர்கள் கைக்கொண்டனர்.

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலத்தே, வானொலி ஆராய்ச்சிக்கென நடுவண் குழு ஒன்று அமைந்தது. அத்தகைய குழுவின் தேவையை வற்புறுத்தி வந்த சிசிரரே அதற்குத் தலைவரானார். அக்காலத்திலேயே, வளிமண்டலத்தின் மேற்பகுதியைப் பற்றி உலகில் அறியப்பட்டவற்றையெல்லாம் திரட்டி அவர் பெருநூல் ஒன்று எழுதினார். மேல் வளிமண்டலம் என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்நூலைக் கல்கத்தா ஆசியக் கழகம் 1947-இல் வெளியிட்டது. அது பல நாட்டு ஆய்வாளருக்கும் கைந்நூலாயிற்று. 1952-இல் இரண்டாம் பதிப்பும், 1955-இல் உருசிய மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

இனி அவர் செய்த ஆராய்ச்சிகளுள் நமக்கு மிக அணித்தான ஒன்றைக் காண்போம். கதிரவனின் கதிர்கள் நேராக விழும் நடுக்கோட்டுப் பகுதியில் எலெக்ட்ரான் மிகுதியாயிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறாயிருந்தது. உலகின் காந்த நடுக்கோட்டிற்கு மேலே எலெக்ட்ரான் குறைந்தும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 15 பாகை தள்ளி மிகுந்தும் இருப்பதை ஆப்பிள்டன் 1946-இல் எடுத்துக்காட்டினார். காந்த நடுக்கோடு என்பது காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு. அது நம் நாட்டின் தென்கோடிப் பகுதியைக் கடந்து செல்கிறது.

இப்புதிருக்குச் சிசிரர் அவ்வாண்டே ஒரு விளக்கம் தந்தார். மின்துகள்கள் விரும்பியவாறு திரிய இயலாது; உலகின் காந்தவிசைக் கோடுகள் அவற்றைக் கட்டி நடத்துகின்றன. நடுக்கோட்டின் மேலே மிக உயரத்தில் தோன்றும் துகள்கள், வளைந்து இறங்கும் அக்கோடுகளின் வழியே வழிந்து, இருபுறமும் சென்று சேர்கின்றன என்று அவர் கூறினார். அவ்விளக்கம் முழுமையானதன்று. பகலில் எழும் மின்புலம் காந்தப்புலத்துடன் கூடி, துகள்களை முதலில் மேலே தூக்குகிறது என்பதைப் பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர். நீரூற்று மேலெழுந்து இருமருங்கும் வீழ்வதுபோன்ற இந்நிகழ்ச்சியில், வீழும் வழியைச் சுட்டிக் காட்டியவர் சிசிரர். ஓர் அறிஞர் பாதி வழி சென்று காட்ட, மற்றவர் மீதி வழியைக் கடப்பதும் அறிவியலின் இயல்பே.

இவ்வூற்றின் வடபுறத்து மேடு கல்கத்தா, போபால், அகமதாபாத்து ஆகிய நகரங்களின் வானத்தை ஒட்டி அமைகிறது. பள்ளம் குமரிமுனைப் பக்கத்தது. புதுவையும் வில்லியனூரும் பாகூரும் இவ்விரண்டிற்கும் இடையே உள்ளன. ஆதலால் நம் தலைக்கு மேலுள்ள வானம் சமநிலமன்று, சரிவு நிலம். ஊரின் வடபாலிருந்து வரும் அலை எலெக்ட்ரான் மிகுந்த பகுதியையும், தென்பாலிருந்து வருவது குறைந்த பகுதியையும் கடந்துவருதல் கூடும். கதிரவன் மறைந்த பின்னர், சிறப்பாகப் பங்குனி, புரட்டாசித் திங்களையொட்டி, எலெக்ட்ரான் குன்றிய குமிழிகள் நடுக்கோட்டு வானில் எழுவதுண்டு. அப்போது செயற்கைக்கோள் அலை விண்மீன்போல் மின்னி மினுங்கும். சில வேளைகளில் கருவி அதனைத் தவறவிடும். குளிர்நாட்டு வானத்துக்கென வகுத்த கணக்கை இங்கே அப்படியே பொருத்த முயன்றால், பிறர் அளவிற் தைத்த சட்டையை நாம் அணிந்ததுபோலாகும்.

சிசிரர் ஆய்வுக்கூடத்தோடு அமைந்தாரல்லர். 1949-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியல் மின்னணுவியல் நிலையத்தை நிறுவினார். நகரத்து மின்னிரைச்சல் எட்டாத ஹரிங்காட்டா என்னும் நாட்டுப்புறத்தில் அயனி மண்டல ஆய்வுக் களமொன்றையும் அமைத்தார். 1955-இல் பேராசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், மேற்கு வங்காள உயர்நிலைக் கல்வி வாரியத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். இலண்டன் ராயல் சங்கம் 1958-இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. இந்திய அரசு 1962-இல் பத்மபூஷண் விருதளித்தது. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து மூன்று திங்கள் சென்றபின், நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரிலிருந்து நம் நாட்டு மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி வானிற் பாய்ந்தது. காந்த நடுக்கோட்டிற்கு அண்மையிலிருந்தமையே அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம். அக்கோட்டின் மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அவ்விடம் ஏற்றதாயிருந்தது.

நிலத்திலிருந்து அனுப்பும் அலை, எலெக்ட்ரான் மிகச் செறிந்த இடத்திலிருந்து திரும்பிவிடும். அதற்கு மேலுள்ளதை அது காட்டாது. செயற்கைக்கோள்கள் வந்தபின், மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்த அளவையும் மதிப்பிடும் வழி பிறந்தது. செயற்கைக்கோள் இருவேறு அதிர்வெண் கொண்ட அலைகளை ஒருங்கே அனுப்புகிறது. சேற்று வயலைக் கடக்கும் இருவருள் ஒருவர் கால் அதிகம் புதைய, மற்றவர் முந்துவதுபோல, குறைந்த அதிர்வெண் கொண்ட அலை மிகுதியாகத் தாமதிக்கும். இருவரும் கரை சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு சேற்றின் அளவைச் சொல்லலாம் அன்றோ? அவ்வாறே எலெக்ட்ரான் அளவைக் கணிக்கின்றனர். ஒரு சதுரமீட்டர் பரப்பின்மேல் நிமிர்ந்து நிற்கும் வான்தூணில் நூறு கோடி கோடி எலெக்ட்ரான் இருப்பின், அதனை ஓர் அலகு என்பர். வழிகாட்டிக் கருவிகள் பெரிதும் பயன்கொள்ளும் முதல் அலையில், ஓர் அலகு தொலைவிற் சுமார் 16 சென்டிமீட்டர் பிழையைத் தரும். கதிரவன் சீறும் ஆண்டுகளில் நண்பகலுக்குப் பின் நம் பகுதியில் 100 அலகு வரையும் காணலாம்; பிழை 16 மீட்டராகிவிடும். அடிவானத்திலிருந்து சாய்ந்து வரும் அலைக்கு அது ஏறத்தாழ மும்மடங்கு.

கரை திரும்பும் படகுக்கு இப்பிழை பெரிதன்று. நிலத்தின் வரப்பைக் குறிப்பவனுக்கோ அது வழக்கை வருவிக்கும். மேகத்தினூடே ஓடுபாதையை நாடித் தாழும் வானூர்திக்கோ அது உயிருக்கு ஊறு விளைக்கும். ஆதலின் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் வானூர்தி நிலைய ஆணையமும் இணைந்து ககன் என்னும் அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் 15 நிலையங்கள் எலெக்ட்ரான் தரும் தாமதத்தை அளந்தன. திருத்தங்கள் செயற்கைக்கோள் வழியாக வானூர்திகளுக்குச் சென்றன. அயனி மண்டலத்தை ஒரே மெல்லிய ஏடாகக் கருதும் கணக்கு நம் வானத்தின் சரிவுக்குப் போதவில்லை. எனவே பல அடுக்குகளாகக் கொண்டு கணிக்கும் முறையை நம் நாட்டு அறிஞரே வகுத்தனர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வானூர்தி இறங்குவதற்கு வழிகாட்டும் தகுதிச் சான்று ககனுக்குக் கிடைத்தது. எலெக்ட்ரான் அளவை அறியும் இம்முயற்சியில் சிசிரர் நிறுவிய நிலையத்தின் ஆய்வாளரும் பங்குகொண்டனர்.

நிலவின் மறுபுறத்துள்ள பள்ளமொன்று மித்ராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது அவருக்கு உலகம் செய்த சிறப்பு. தம் தலைக்கு மேலுள்ள வானத்தைத் தாமே அளந்தறிய முற்படும் இளைஞர் நம் சிற்றூர்களிலிருந்து தோன்றுவாராயின், அதுவே நாம் அவருக்குச் செய்யும் சிறப்பு. பொருளில்லை, கருவியில்லை என்று அவர் வாளாவிருந்தாரல்லர். கைக்கெட்டிய கம்பியும் வால்வும் கொண்டு, கண்ணுக்கெட்டாத கடலின் ஆழத்தை வினவினார். அவர் தொடங்கிய கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. மாணவர்களே, அதன் மீதியை எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.